அல்சூர் ஏரிக்கரை வாழைத்தண்டு ஜூஸ் வண்டி: யார் குடிக்கலாம், யார் தாண்டிப் போகணும்

பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் காலையில் நடக்கிறவர்கள் இந்த வண்டியைப் பார்த்திருப்பீர்கள். வரிசையாக எவர்சில்வர் தூக்குகள், ஒவ்வொரு மூடியிலும் சாக்பீஸில் எழுதின பெயர்: வாழைத்தண்டு, வெண்பூசணி, நெல்லி, பாகல், சுரைக்காய், பார்லி, அருகம்புல். கடைக்குப் பெயர் என்று எதுவும் இல்லை, ஆனால் முன்பக்கம் ஒரு பிளக்ஸ் தொங்குகிறது, தமிழிலும் கன்னடத்திலும் ‘கிட்னி கல் கரையும், கிரியாட்டினின் இறங்கும், நீர்க்கடுப்பு நீங்கும்’ என்று. கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வெளியேற்ற வேண்டிய கழிவு, அது ஏறினால் சிறுநீரகம் வலுவிழக்கிறது என்று அர்த்தம். ஜூஸ் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம். பிளக்ஸ் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

முதலில் ஜூஸ். நடத்துகிற அக்கா கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். ஏரிக்கரை ஜூஸ் வண்டிகளில் பாதி, விடியுமுன் வீட்டில் அரைத்துக் கேனில் கொண்டுவருகிறவை, எப்போது அரைத்தது என்று கேட்டாலும் ‘இப்பத்தான் சார்’ என்பார்கள். இங்கே வாழைத்தண்டு மட்டும் கண்முன்னால் நடக்கிறது. மட்டையை உரித்து, உள்ளே இருக்கிற வெள்ளைத் தண்டை வில்லை வில்லையாக நறுக்கும்போது ஒவ்வொரு வில்லையிலிருந்தும் நூலாக இழுபடும் நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே போகிறார், விரல் நிறைந்ததும் மோதிரம் கழற்றுவது மாதிரி ஒரே இழுப்பில் கழற்றி ஓரமாகப் போடுகிறார். நறுக்கினது கறுக்காமல் இருக்க உடனே மோர்த்தண்ணீரில் விழுகிறது. பின்னால் இருக்கிற பெட்டிக்கடையிலிருந்து ஒயர் இழுத்து மிக்சி, அதில் ஒரு துண்டு இஞ்சி, கொஞ்சம் சீரகம், வெள்ளைத்துணியில் வடிகட்டி, மேலே அரை எலுமிச்சை. துவர்ப்பு நாக்கில் தெரியும், ஆனால் கசப்போ வாடையோ இல்லை. ஒரு டம்ளர் 40 ரூபாய். டம்ளரைக் கழுவுகிற வாளித் தண்ணீரை அடிக்கடி மாற்றுகிறார்கள் என்றாலும் நான் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுபோய்விடுவேன், அதில் ஊற்றிக் கேட்டால் அவர் கோவித்துக்கொள்வதில்லை.

ஒரே தொல்லை உப்பு. கேட்காமலே அள்ளிப் போடுகிறார், வேண்டாம் என்றால் ‘உப்பில்லாம எப்படி தம்பி தொண்டையில எறங்கும்’ என்று திருப்பிக் கேட்கிறார். கல்லுக்காகக் குடிக்க வருகிறவர்களுக்கு இது நேர் எதிர். உப்பு கூடக்கூட சிறுநீரில் கால்சியம் கூடுதலாக வெளியேறும், பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட் கற்கள்தான், அதாவது கால்சியமும், சில கீரை காய்களில் இருக்கிற ஆக்சலேட் என்ற பொருளும் சேர்ந்து இறுகினவை, அதற்குச் சரக்கே அந்தக் கால்சியம். நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது மட்டமாக ஒரு டீஸ்பூனுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு. சாம்பார், ஊறுகாய், சாயங்காலம் மசால் பூரி என்று நம் ஆட்கள் அதை எப்போதோ தாண்டியாயிற்று. ஜூஸிலுமா? எலுமிச்சையை மட்டும் விட்டுவிடாதீர்கள், அதிலிருக்கும் சிட்ரேட் கல் உருவாவதைத் தடுக்கிற சங்கதி, டாக்டர்கள் எழுதிக்கொடுக்கிற பொட்டாசியம் சிட்ரேட் சிரப்பும் அந்த வேலையைத்தான் செய்கிறது.

சரி, கல் கரையுமா? எனக்கு ஸ்கேனில் 4 மில்லிமீட்டர் கல் தெரிந்தபோது இந்த வண்டியைக் கைகாட்டினவர்களே அதிகம். அந்த அளவுக் கல் பெரும்பாலும் தண்ணீர் குடித்தாலே தானாக இறங்கிவிடும், இறங்கின பிறகு பெயர் வாழைத்தண்டுக்குப் போகும். எலிகளில் செய்த ஆய்வுகளில் வாழைத்தண்டுச் சாறு ஆக்சலேட்டைக் குறைத்ததாகப் பார்த்திருக்கிறார்கள், மனிதர்களிடம் அந்த அளவுக்கு உறுதியான சான்று கிடையாது. யூரிக் அமிலக் கல்லாக இருந்தால் மருந்தால் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்துக் கரைக்க முடியும், கால்சியம் ஆக்சலேட் கல் எந்த ஜூஸுக்கும் கரையாது. எனக்கு டாக்டர் சொன்னது ஒரே கணக்கு: குடிக்கிறதை அளக்காதே, போகிறதை அள, நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற மாதிரி பார்த்துக்கொள். பெங்களூர்க் குளிரில் ஏசி ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தாகமே எடுக்காது, அதுதான் இங்கே பிரச்சினை, போர்வெல் தண்ணீர் உப்பு என்று சொல்லி எல்லாப் பழியையும் டேங்கர்காரன் தலையில் போடுகிறோம். காலை ஆறரைக்கே ஒரு பெரிய டம்ளர் உள்ளே போகிறது என்பதே இந்த வண்டியின் உண்மையான உபகாரம், அதற்காகவே நான் போகிறேன்.

இப்போது பிளக்ஸ். அதிலிருக்கிற ‘கிரியாட்டினின் இறங்கும்’ என்கிற வரிதான் என் பெரிய குறை. கல் இருக்கிறவன் வேறு, சிறுநீரகம் வலுவிழந்தவன் வேறு, ரெண்டு பேருக்கும் ஒரே டம்ளர் ஆகாது. போன வாரம் எனக்கு முன்னால் ஒரு பெரியவர், கையில் மஞ்சப்பை, அதில் லேப் ரிப்போர்ட். கிரியாட்டினின் மூன்றைத் தாண்டிவிட்டது, டயாலிசிஸ் என்று பேச்சு வருகிறது, என்ன செய்யட்டும் என்று அக்காவிடம் கேட்கிறார். ‘தெனம் ரெண்டு டம்ளர் குடிங்கய்யா, போறப்ப ஒரு எளநியும் குடிங்க, ஒரே மாசத்துல எறங்கிடும்.’ மனசார நல்லதை நினைத்துத்தான் சொன்னார். ஆனால் வாழைத்தண்டிலும் இளநீரிலும் பொட்டாசியம் அதிகம், இளநீரில் 100 மில்லிக்குச் சுமார் 250 மில்லிகிராம் இருக்கும். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். வலுவிழந்தது வெளியேற்றாது, ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே தாறுமாறாக்கும், முன்கூட்டி வலி எதுவும் காட்டாமலே. தண்ணீரைக்கூட டாக்டர் அளந்து கொடுக்கிற நிலையில் இருப்பவர்கள் அவர்கள். பெரியவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன், விக்டோரியா ஆஸ்பத்திரி வளாகத்திலேயே நெப்ரோ யூராலஜி இன்ஸ்டிடியூட் இருக்கிறது, சிறுநீரகத்துக்கென்றே இருக்கிற அரசு இடம், அங்கே காட்டிக் கேட்டுவிட்டு அப்புறம் எதையும் குடியுங்கள் என்று. அக்கா என்னை முறைத்தார். அடுத்த நாள் சீரகம் கொஞ்சம் குறைவாகப் போட்டாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இன்னொரு வேடிக்கை, அதே பிளக்ஸில் ‘கிட்னி கிளீன்’ என்ற தலைப்பின் கீழே பாலக்கும் பீட்ரூட்டும் சேர்த்து அரைத்த ஜூஸ். ரெண்டுமே ஆக்சலேட் நிறைந்தவை. சமைத்துக் கூட்டாகச் சாப்பிடுவது வேறு, கட்டுக்கட்டாகப் பச்சையாக அரைத்து வெறும் வயிற்றில் தினமும் குடிப்பது வேறு. கேரளாவில் இலும்பிப் புளியை, அதுதான் பிலிம்பிக் காயை, கொழுப்புக் குறைய என்று சாறு பிழிந்து குடித்துச் சிலருக்கு ஆக்சலேட் படிந்து சிறுநீரகம் திடீரென்று நின்றதை டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கல் என்றதும் பாலையும் தயிரையும் நிறுத்துகிறவர்கள் இந்த வரிசையில் நிறைய, அதுவும் தப்பு, சாப்பாட்டோடு போகிற கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியே தள்ளிவிடும்.

பார்லித் தண்ணீர் நன்றாகவே இருக்கிறது, குழைய வேகவைத்து வடித்தது, வெல்லம் போடாமல் கேட்டு வாங்குங்கள். வெயிலில் சுற்றி வந்த லேசான நீர்க்கடுப்புக்கு அது போதும். எரிச்சலோடு காய்ச்சல், குளிர், விலாப்பக்கம் வலி என்றால் வண்டிக்கு வராதீர்கள், அது தொற்று, ஆன்டிபயாடிக் வேண்டும், கர்ப்பிணிகளும் சர்க்கரைக்காரர்களும் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது. சூப்பர்மார்க்கெட்டில் வாங்குகிற கிரான்பெரியும் அடிக்கடி தொற்று வருகிற பெண்களுக்குத் திரும்ப வருவதைக் கொஞ்சம் குறைக்கும் என்பதோடு சரி, வந்ததைக் குணமாக்காது.

வண்டியின் அடித்தட்டில் ‘கல்லடைப்புச் சூரணம்’ என்று பழுப்பு நிறப் பொடி, பாலிதீன் கவரில் ஸ்டேபிள் அடித்தது, 150 ரூபாய். என்ன சேர்ந்திருக்கிறது என்றால் ‘சிறுபீளை, நெருஞ்சில், மூக்கிரட்டை, இன்னும் நாலு சாமான்’ என்கிறார். முதல் மூன்றும் சித்த மருத்துவத்தில் பேர்போனவை, சிறுபீளை பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற அதே பூதான். எனக்குப் பயம் அந்த ‘இன்னும் நாலு சாமான்’ மேல். ஆடுதின்னாப்பாளை மாதிரிச் செடிகளும் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கின்றன, அதன் குடும்பத்தில் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அரித்துவிடும், புற்றுநோயும் தரும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு இளைக்கக் கொடுத்த மாத்திரையில் சீன மூலிகை ஒன்று மாறிப்போய் இந்த இனம் கலந்துவிட, பல பெண்களுக்குச் சிறுநீரகமே போயிற்று. சித்தா மருந்தே வேண்டும் என்றால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரைப் பார்த்து, உரிம எண், தொகுதி எண், சேர்மானம் மூன்றும் அச்சிட்ட டப்பாவாக வாங்குங்கள். கவர்ப் பொடி வேண்டவே வேண்டாம்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை. ஜூஸுக்கு மட்டும் என்றால் நாலரை கொடுத்திருப்பேன்.

போகிறவர்களுக்கு: ஆறு மணிக்குத் திறக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்கு மேல் போனால் வாழைத்தண்டு தீர்ந்திருக்கும். யுபிஐ உண்டு. வண்டி நிறுத்த இடம் தேடாதீர்கள், நடந்தே போங்கள். மிச்சம் இருப்பது சுரைக்காய் ஜூஸ்தான் என்றால் முதலில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் அப்படியே கீழே கொட்டிவிடுங்கள், கசக்கிற சுரைக்காயில் நச்சு இருக்கும், அதைக் குடிக்கவே கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) குழுவே சொல்லியிருக்கிறது. காசைத் திருப்பிக் கேட்டால் அக்கா கொடுத்துவிடுவார், நான் வாங்கியிருக்கிறேன்.