கூடத்திற்கு வாங்கிய 43 அங்குல 4கே தொலைக்காட்சி

எங்கள் சிறிய கூடத்திற்கு இந்த 43 அங்குல 4கே தொலைக்காட்சி மிகப் பொருத்தமாக அமைந்துள்ளது. 3840 × 2160 என்னும் படப்புள்ளிகள் முழு எச்டியைப் போல் நான்கு மடங்கு என்றாலும், டிடிஎச் வழியாக வரும் எச்டி அலைவரிசைகள் அந்த அளவை எட்டுவதில்லை என்பதால், குறைந்த தெளிவுள்ள படத்தைத் தொலைக்காட்சி எவ்வளவு நன்றாக மெருகேற்றுகிறது என்பதையே கடையில் முதலில் சோதிக்க வேண்டும். விற்பனையாளர் ஓட்டிக் காட்டும் பளபளப்பான மாதிரிக் காணொளி இதற்கு உதவாது. விஏ வகைத் திரை என்பதால் இரவுக் காட்சிகளில் கருமை ஆழமாக, அழகாகத் தெரிகிறது. ஆனால் பக்கவாட்டில் அமர்பவர்களுக்கு நிறம் வெளிறுவதால், அகன்ற கூடம் உள்ளவர்களுக்கு, பக்கவாட்டிலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகைத் திரையையே பரிந்துரைப்பேன். ஒலி சற்று மெலிது. தொலைக்காட்சியின் ஒலியை ஒரே கம்பி வழியாக வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ ஏஆர்சி இணைப்பு இருப்பதால், சவுண்ட்பார் என்னும் தனி ஒலிபெருக்கியைச் சேர்ப்பது எளிது. வாங்கியவுடன் பட அமைப்பில் நிறங்களை மிகைப்படுத்தும் ‘விவிட்’ நிலையை ‘சினிமா’ நிலைக்கு மாற்றுங்கள். முகங்களின் நிறம் இயல்பாகத் தெரியும்.