பிலிம் பேக்டரி ஊரை பிலிம்ல எடுத்த கதை: நீலகிரியில பென்டாக்ஸ் கே1000

என் கே1000 பிலிம் கேமரா சர்வீஸ் முடிஞ்சு கைக்கு வந்துடுச்சு. மிரருக்கு மேல இருக்கிற ஸ்பாஞ்ச், பின் கதவு ஓரத்துல வெளிச்சம் உள்ள போகாம இருக்க ஒட்டியிருக்கிற ஸ்பாஞ்ச், ரெண்டும் வெல்லப்பாகு மாதிரி இளகி விரல்ல ஒட்டுற அளவுக்கு ஆயிருந்துச்சு, 50 எம்எம் லென்ஸ்ல ஓரமா பங்கஸ் வேற. கோயம்புத்தூர்ல ஒரு பெரியவர்தான் பார்த்துக் குடுத்தார், ஷட்டர் ஸ்பீடும் செக் பண்ணி வச்சிருக்கார், நல்ல கை. இந்த கேமராவோட அடிப்படை விஷயம் எல்லாம் உங்களுக்கே தெரியும், 1976ல வந்து 1997 வரைக்கும் பெருசா எதையும் மாத்தாமலே வித்தாங்க, எல்லாம் மெக்கானிக்கல், பேட்டரி வெளிச்சத்தை அளக்கிற மீட்டருக்கு மட்டும்தான். அதை எல்லாம் திரும்ப எழுதப் போறதில்ல. இத்தனை வருஷமா என்னை விடாம படுத்துற ஒரு விஷயம் இருக்கு, நான் எதிர்பார்க்காமலே கிடைச்ச ஒரு சந்தோஷமும் இருக்கு, அது ரெண்டும்தான் இங்க.

படுத்துறது மீட்டர் முள்ளு. வியூபைண்டர்ல வலது ஓரத்துல நிக்கும், நடுவுல நின்னா எக்ஸ்போஷர், அதாவது பிலிம்ல விழுற வெளிச்சம், சரி, மேல போனா ஓவர், கீழ போனா அண்டர், இதை விட எளிமையா ஒரு மீட்டரை யாரும் செஞ்சிருக்க முடியாது, வெயில் நாள்ல அது சொல்றதை அப்படியே நம்பி ரோல் முழுக்க எடுக்கலாம். ஆனா நம்ம ஊர்ல ஜூன் பிறந்ததுல இருந்து வருஷக் கடைசி வரைக்கும் பாதி நாள் மிஸ்ட்தானே. எந்த கேமராவா இருந்தாலும் உள்ள இருக்கிற மீட்டர் எதிர்ல இருக்கிறது நடுத்தர சாம்பல் நிறம்னு வச்சுக்கிட்டுதான் கணக்கு போடும், மிஸ்ட் வெள்ளையா பளிச்சுன்னு நிக்கும், அதையும் சாம்பலாக்கணும்னு வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லும். முள்ளை நடுவுல நிறுத்தி எடுத்தா நெகட்டிவ் மெலிஞ்சு போய் பிரிண்ட்ல மிஸ்ட் அழுக்கா வரும், மரத்தடி நிழல்ல இருந்த விவரம் மொத்தமும் போயிடும். ஒரு ஸ்டாப் கூட்டணும், அதாவது வெளிச்சத்தை ரெண்டு மடங்காக்கணும், ரொம்ப அடர்த்தியா இருந்தா ஒன்றரை கூட. இதை எல்லாம் படிச்சுத் தெரிஞ்சுக்கலாம், ஆனா மிஸ்ட் ஒரு இடத்துல நிக்காதுங்க. நீங்க ஸ்பீடு டயலைத் திருப்பிட்டு கண்ணை வைக்கிறதுக்குள்ள எதிர்ல இருந்த சைப்ரஸ் மரம் காணாம போயிருக்கும், இல்ல மரத்துக்குப் பின்னாடி ஒரு வீடே புதுசா வந்து நிக்கும், எந்த ஸ்பீடுல வச்சோம்னு வியூபைண்டருக்குள்ள தெரியாது, கேமராவை இறக்கித்தான் பார்க்கணும், வெளிச்சம் கம்மியான நேரத்துல முள்ளு நகர்றதே மெதுவாத்தான், அது யோசிச்சு முடிக்கிற வரைக்கும் நாம குளிர்ல கையைத் தேய்ச்சுக்கிட்டு நிக்கணும்.

இதுக்கு நான் செய்யிறது கால் கிட்ட இருக்கிற கிக்குயூ புல்லைப் பார்த்து மீட்டர் எடுக்கிறது. மிஸ்ட்ல இருக்கிற அதே வெளிச்சம்தான் புல் மேலயும் விழுது, பச்சைப் புல்லு கிட்டத்தட்ட அந்த நடுத்தர சாம்பல் அளவுக்கே இருக்கு, அதுல முள்ளை நடுவுல நிறுத்திட்டு அப்புறம் கேமராவைத் தூக்கி என்ன வேணுமோ எடுக்கலாம், தூக்கினதும் முள்ளு மேல ஓடும், ஓடட்டும். குன்னூர் லோகோ ஷெட் பக்கம் போனாலும் இதேதான், மலை ரயிலோட எக்ஸ் கிளாஸ் இன்ஜின் விடுற ஆவியைப் பார்த்தா முள்ளு அதே மாதிரி ஏமாறும். டீ பேக்டரிக்குள்ள வேற பிரச்சனை, இலை வாட்டுற ரூம்ல முள்ளு அசையவே நேரம் எடுக்கும். அருவங்காட்டுல கேமராவையே எடுக்கக் கூடாது, வெடிமருந்து தொழிற்சாலை, அந்த வழியா ரயில்ல போகும்போதும் பைக்குள்ளயே இருக்கட்டும்.

நான் அதிகமா எடுத்தது இந்து நகர்தான். ஊட்டியில இருந்து கூடலூர் ரோட்டுல வரும், வெளியூர்ல இருந்து பைக்காரா படகு சவாரிக்குப் போறவங்க அந்த கேட்டைத் தாண்டித்தான் போறாங்க, பெரும்பாலானவங்களுக்கு அது என்னன்னே தெரியாது. ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், மத்திய அரசு கம்பெனி, 1960ல ஆரம்பிச்சாங்க, பிரான்ஸ்ல இருந்து தொழில்நுட்பம் வாங்கி 1967ல உற்பத்தி தொடங்குச்சு. கருப்பு வெள்ளை ரோல், பிரோமைடு பேப்பர், எக்ஸ்ரே பிலிம், தியேட்டருக்குப் போற பிலிம், எல்லாம் இந்துங்கிற பேர்ல நாடு முழுக்க போச்சு. உங்க வீட்டு பழைய ஆல்பத்துல தாத்தா பாட்டி கல்யாண போட்டோ இருந்தா அது இங்க பூசின பேப்பர்ல பிரிண்ட் போட்டதா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

எங்க சித்தப்பா அங்க கோட்டிங்ல வேலை பார்த்தவர். பூசுறதுன்னா வெள்ளி உப்பை ஜெலட்டின்ல கலந்து பிலிம் மேல ஒரே சீரா ஓட விடணும், அதுல துளி வெளிச்சம் பட்டாலும் போச்சு, பேப்பருக்காவது சிவப்பு விளக்கு வச்சுக்கலாம், பிலிமுக்கு அதுவும் கூடாது, ஷிப்டு முழுக்க கும்மிருட்டு. எதிர்ல ஆள் வந்தா தெரியாது, அதனால குரல் குடுத்துக்கிட்டே நடப்போம்னு சொல்வார். இன்னைக்கும் கரண்ட் போனா அவர் டார்ச் தேட மாட்டார், நேரா எழுந்து போய் தண்ணி குடிச்சிட்டு வந்து உட்காருவார், சொம்பை வச்ச இடம்கூட மாறாது. அவரைப் பார்க்கிறப்போ எல்லாம் எனக்கு இந்த ஊரை பிலிம்லதான் எடுக்கணும்னு தோணும், போன்ல எடுத்தா மனசு ஒப்பாது. போன்ல வேற ஒரு தொந்தரவும் இருக்கு, அது மிஸ்ட்டைப் பார்த்ததும் தானா கான்ட்ராஸ்ட் ஏத்தி அதைத் துடைச்சு விட்டுடுது, இந்து நகர்ல மிஸ்ட்டைத் துடைச்சிட்டா அப்புறம் அங்க எதை எடுக்கிறது?

பேக்டரிக்குள்ள விட மாட்டாங்க, ரோட்டுல இருந்தும் குவார்ட்டர்ஸ் பக்கம் ஆட்கள் இருக்கிற வீதியில இருந்தும்தான் எடுத்திருக்கேன். ஒரு பிரேம் சொல்றேன். யாரும் இல்லாத ஒரு வீட்டு முன் வாசல், கரண்ட் மீட்டர் போர்டு மரப்பலகை மட்டும் செவுத்துல இருக்கு, அதுல மீட்டர் இருந்த இடம் வெளுப்பா சதுரமா தெரியுது, சுத்தி மரம் கறுத்துப் போச்சு, ஒயர் வந்த ஓட்டையில இருந்து ஒரு பெரணி முளைச்சு தொங்குது. படிக்கட்டுல காட்டெருமை சாணி. ஹெச்பி5 பிளஸ் கருப்பு வெள்ளை ரோல், 400 ஐஎஸ்ஓ, எஃப்/4, 1/60. புல்லைப் பார்த்து மீட்டர் எடுத்ததுதான், அந்தச் சதுரத்துக்கும் சுத்தியிருக்கிற மரத்துக்கும் நடுவுல எத்தனை சாம்பல் வந்திருக்குன்னு பார்த்தா ஆசையா இருக்கும், பெரணி இலை நுனியில நின்ன தண்ணி கூட தனியா தெரியுது. பங்கஸ் புடிச்ச லென்ஸ்ல எடுத்தது இது! சர்வீஸ்க்கு அப்புறம் இன்னும் நல்லா வரும்.

இப்போ அந்த சந்தோஷம். நான் வீட்டுலயே டெவலப் பண்றேன், டி-76ங்கிற டெவலப்பரை ஒண்ணுக்கு ஒண்ணு தண்ணி கலந்து, 20 டிகிரியில. சென்னையில இருக்கிற நண்பர்கள் இந்த 20 டிகிரிக்காக ஐஸ் வாங்கி டப்பில போட்டு தெர்மாமீட்டரை வச்சுக்கிட்டு படாத பாடு படுறாங்க, வெயில் காலத்துல அங்க பைப் தண்ணி 30க்கு மேல வருது. எனக்கு பைப்பைத் திறந்தா போதும், மிஞ்சிப் போனா கொஞ்சம் வெந்நீர் விளாவணும். இதை விடப் பெருசு காய வைக்கிறது. ஈரமா இருக்கிற நெகட்டிவ்ல ஜெலட்டின் மெத்துன்னு இருக்கும், அப்போ காத்துல பறக்கிற தூசி ஒட்டினா போகவே போகாது, ஸ்கேன் பண்ணா வானம் முழுக்க வெள்ளைப் புள்ளி. கீழ சமவெளியில இருக்கிறவங்க பாத்ரூம்ல சுடுதண்ணி ஊத்தி ஆவி கிளப்பி தூசியை அடக்கிட்டு அப்புறம் தொங்க விடுறாங்க. இங்க நான் சமையல்கட்டு பக்கத்துல கொடியில கிளிப் போட்டு தொங்க விட்டுட்டு தூங்கப் போறேன், மழைக்காலத்துல காய ராத்திரி முழுக்க ஆகும், மறுநாள் பகல்லயும் கொஞ்ச நேரம் இழுக்கும், ஆனா எடுத்துப் பார்த்தா கண்ணாடி கணக்கா சுத்தம், ஒரு புள்ளி இருக்காது. சித்தப்பா கிட்ட காட்டினேன். இந்தக் குளிருக்கும் தூசி இல்லாத காத்துக்கும்தானேடா பேக்டரியையே இங்க கொண்டு வந்து வச்சாங்கன்னார். அது எனக்கு புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்ச விஷயம்தான், ஆனா கையில அந்த நெகட்டிவை வச்சுக்கிட்டு கேட்டப்போ வேற மாதிரி இருந்துச்சு. மீட்டரை ஏமாத்துற, லென்ஸ்ல பங்கஸ் வளக்கிற இதே ஊர்தான் பிலிமுக்கு இவ்வளவு பொருத்தமா இருக்கு.

அதனாலதான் எனக்கு ஆத்திரம் தாங்கல. கலர் பிலிம் வந்து கருப்பு வெள்ளையைத் தள்ளுச்சு, இறக்குமதியைத் திறந்து விட்டாங்க, எக்ஸ்ரே பிலிம் திட்டத்துக்கு வாங்கின கடனும் வட்டியும் ஏறிக்கிட்டே போச்சு, 90கள்ல நலிவடைஞ்ச கம்பெனின்னு ஆயிடுச்சு, அப்புறம் வருஷக்கணக்கா இழுத்து ஆளைக் குறைச்சு விருப்ப ஓய்வு குடுத்து மூடிட்டாங்க. சரி, டிஜிட்டல் வந்தா எல்லா பிலிம் கம்பெனிக்கும் இதேதான்னு சொல்வாங்க. நான் போடுற ஹெச்பி5 எங்க இருந்து வருது? இங்கிலாந்துல மோபர்லிங்கிற ஊர்ல இருந்து. அதைச் செய்யிற இல்போர்டு கம்பெனியும் 2004ல திவால் வரைக்கும் போச்சு, அங்க மேனேஜருங்களே சேர்ந்து 2005ல எடுத்து கருப்பு வெள்ளை மட்டும் போதும்னு நடத்தினாங்க, இன்னைக்கும் பூசிக்கிட்டு இருக்காங்க, உலகம் முழுக்க சின்னப் பசங்க வாங்கிக்கிட்டு இருக்காங்க. கும்மிருட்டுல கை தடுமாறாம வேலை பார்க்கத் தெரிஞ்ச ஆளுங்க இங்கயும் இருந்தாங்களே. அந்த ஆளுங்க காய்கறி மண்டியில கணக்கு எழுதினாங்க, ஆட்டோ ஓட்டினாங்க, நான் அவங்க ஊரை எடுக்க ஆன்லைன்ல ரோலுக்கு ஆயிரத்தை ஒட்டி குடுத்து கொரியருக்குக் காத்திருக்கேன். ஊட்டி டவுன்ல கேட்டுப் பார்த்தேன், பிலிமான்னு கேக்கிறாங்க.

கோத்தகிரில இருந்து ஒரு தம்பி, அண்ணா ஒரு கே1000 செகண்ட் ஹேண்டுக்கு வருது, வாங்கலாமான்னு கேட்டிருந்தான். இவ்வளவு எழுதினதுக்கு அப்புறம் வாங்குடான்னுதான் நான் சொல்லணும், என் கேமராவை என்ன விலைக்குக் கேட்டாலும் நான் விக்கவும் மாட்டேன். ஆனா இன்னைக்கு கேட்டா வேண்டாம் தம்பின்னுதான் சொல்வேன். கேமரா ஒரு தடவை செலவு, ரோல் ஒவ்வொரு மாசமும் செலவு, விலை ஏறிக்கிட்டேதான் போகுது, நீ இப்போதான் வேலைக்குப் போற. டிசம்பர்ல உறைபனி விழுந்து வானம் நீலமா நிக்கிறப்போ, முள்ளு உண்மை சொல்ற நாள்ல கேட்டிருந்தா வேற பதில் சொல்லியிருப்பேனோ என்னவோ.

அதையும் மீறி வாங்குறதா இருந்தா இதைப் பாரு. லென்ஸைக் கழட்டி பின்னாடி இருந்து டார்ச் அடிச்சுப் பாரு, வெள்ளை நூல் மாதிரி ஓடுச்சுன்னா பங்கஸ், ஓரத்துல இருந்தா பரவாயில்ல, நடுவுல இருந்தா விலையைக் குறை. பின் கதவைத் திறந்து ஓரத்து ஸ்பாஞ்சை நகத்தால தொடு, ஒட்டுச்சுன்னா மாத்த தனியா பணம் வை. பேட்டரி எல்ஆர்44 ஒண்ணு கையோட கொண்டு போய் போட்டு முள்ளு அசையுதான்னு பாரு, இதுல மீட்டருக்கு ஆஃப் சுவிட்ச் கிடையாது, லென்ஸ் மூடி போட்டாத்தான் ஓயும், அதனால மூடி இருக்கான்னும் கேட்டு வாங்கு. வீட்டுக்கு வந்ததும் பீரோவுல வைக்காத, மூடி இறுக்கமா இருக்கிற பிளாஸ்டிக் டப்பால சிலிகா ஜெல் போட்டு வை, மழைக்காலத்துல அந்த ஜெல்லை வாரம் ஒரு தடவை வாணலியில வறுத்துப் போடு.