சாலிம் அலியின் நூலா, கிரிம்மெட்–இன்ஸ்கிப் கையேடா?

பறவை நோக்கத் தொடங்குபவர் இவ்விரு நூல்களில் எதை முதலில் வாங்கலாம்? பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1941இல் வெளியிட்ட, பறவையியலாளர் சாலிம் அலியின் 'இந்தியப் பறவைகள்' நூல், பறவையின் அளவைச் சிட்டுக்குருவி, மைனா, காகம் போன்ற பழகிய பறவைகளோடு ஒப்பிட்டுக் கூறி, அதன் குரலையும் பழக்கத்தையும் கூட்டையும் நல்ல உரைநடையில் விவரிப்பதால், ஒரு பறவையின் இயல்பு வாசிப்பவர் மனத்தில் நிலைத்துவிடுகிறது. ஆனால் இந்தியாவின் எல்லாப் பறவையினங்களும் அதில் இடம்பெறவில்லை.

பறவையியலாளர்களான கிரிம்மெட்டும் இன்ஸ்கிப் இணையரும் 1998இல் வெளியிட்ட இந்தியத் துணைக்கண்டப் பறவை நூலில் 1,300 இனங்களுக்கு மேல் உண்டு. ஆண், பெண், இளம்பறவை வேறுபாடுகளைக் காட்டும் அதன் ஓவியங்களின்றி, வலசை வரும் கதிர்க்குருவிகளையும் உள்ளான்களையும் பிரித்தறிவது கடினம். (மூல நூல் கனமானது, களத்துக்குச் சிறு பதிப்பே ஏற்றது.) எனினும் அதன் சுருக்கக் குறிப்புகள் பெயரைக் கண்டறிய உதவும் அளவுக்குப் பறவையின் வாழ்வைப் புரியவைப்பதில்லை, ஆகவே தொடக்கநிலையினர் முதலில் சாலிம் அலியை வாங்குவதே நலம் என்பேன்.