மீனுக்கு முழு மார்க், மட்டிக்கு மட்டும் ஒரு கேள்வி

பைபாஸ் ரோட்டில் நாலு மாசத்துக்கு முன்னால் திறந்த மீன் கடைக்கு இதுவரை ஆறேழு தடவை போயிருக்கிறேன். குறையும் சொல்லப் போவதால் கடைப் பெயர் வேண்டாம். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சீலா, விளமீன், கணவாய் எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக ராமநாதபுரம் பக்கமிருந்து வந்துவிடுகிறது, செவுளைத் தூக்கிக் காட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் காட்டுகிறார்கள். நெத்திலியை ஒவ்வொன்றாகத் தலை கிள்ளித் தருகிறார்கள், அதற்குத் தனிக் காசும் இல்லை. இது ஒன்றுக்காகவே போகலாம்.

போன வாரம் மட்டி, அதாவது ஓட்டோடு வருகிற சிப்பி வகை, வந்திருந்தது. மதுரையில் அது கண்ணில் படுவதே அபூர்வம், ஆசையாய் ஒரு கிலோ எடுக்கப் போய், எந்த ஊரில் அள்ளினது என்று கேட்டேன். தம்பிக்குத் தெரியவில்லை. "உப்புத்தண்ணியில ஊறப்போட்டு நல்லா கொதிக்க விடுங்கக்கா, எல்லாம் போயிரும்" என்றார். ஊறப்போட்டால் மண் போகும், கொதித்தால் கிருமி சாகும், சரி. நஞ்சு போகாதே!

நான் வேலை பார்ப்பது செல் வளர்க்கும் ஆய்வகத்தில், அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் வாய் நீளம். மட்டி கடல்நீரை வடிகட்டி அதிலுள்ள நுண்பாசியைத் தின்று வாழ்வது. டைனோஃபைசிஸ் போன்ற சில பாசிகளில் ஒக்கடாயிக் அமிலம் என்று ஒரு நஞ்சு உண்டு, அது மட்டியின் செரிமானச் சுரப்பியில் போய்ச் சேர்ந்துகொள்ளும். நிறமோ நாற்றமோ காட்டிக்கொடுக்காது. தின்ற சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு.

குடலில் அது செய்கிற வேலையைப் பார்க்க காக்கோ-2 என்கிற செல்களை வளர்ப்பார்கள். மனிதப் பெருங்குடல் புற்றுக்கட்டியிலிருந்து வந்தவைதான், ஆனால் துளையுள்ள மெல்லிய சவ்வின் மேல் 21 நாள் வளரவிட்டால் ஒன்றோடொன்று நெருங்கி இறுகி, சிறுகுடலின் உட்சுவர் மாதிரி ஒரு விரிப்பாகிவிடும். விரிப்புக்கு மேலேயும் கீழேயும் மின்முனை வைத்து மின்தடையை அளந்தால் விரிப்பு இறுக்கமாக இருக்கிறதா என்று தெரியும். நஞ்சைப் போதிய அளவு விட்டால் அந்த மின்தடை இறங்கிவிடும், நுண்ணோக்கியில் செல்கள் உருண்டு, பிடி விட்டு நிற்கும். செல்லுக்குள் புரதங்களின் மேல் பாஸ்பேட் என்கிற சின்ன வேதித் துணுக்கை ஒட்டுகிற நொதிகளும் உண்டு, கழற்றுகிற நொதிகளும் உண்டு. கழற்றுகிறவர் கையை இந்த நஞ்சு கட்டிப்போட்டுவிட, ஒட்டுகிறவர் பாட்டுக்கு ஒட்டிக்கொண்டே போகிறார், செல்லையும் செல்லையும் சேர்த்த தையல் விட்டு இடுக்கு வழியாகக் கசிவு ஆரம்பிக்கிறது. தட்டில் வளர்த்த இந்த விரிப்பில் சளிப்படலமும் இல்லை, குடல் பாக்டீரியாவும் இல்லை, அதனால் அங்கே பார்த்ததெல்லாம் அப்படியே நம் வயிற்றிலும் நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். சளி சுரக்கும் செல்களைச் சேர்த்து வளர்த்துப் பார்ப்பதும் உண்டு.

ஐரோப்பாவில் ஒரு கிலோ மட்டிச் சதையில் இந்த வகை நஞ்சு 160 மைக்ரோகிராமைத் தாண்டினால் விற்கக் கூடாது. நான் அந்தத் தம்பியிடம் மைக்ரோகிராமா கேட்டேன், ஊர்ப் பெயரைத்தானே கேட்டேன்?

மட்டியை விட்டுவிட்டு அரைக் கிலோ கணவாய் வாங்கி வந்து மிளகு போட்டுப் பிரட்டினேன், ரப்பர் மாதிரி இழுக்காமல் பூவாய் வெந்தது. அஞ்சுக்கு நாலு கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் 9 மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் நெத்திலியும் இருக்காது, வண்டி நிறுத்த இடமும் இருக்காது.