ஃபிரிட்ஜ் கம்ப்ரசரும் லாரி ஏர் டேங்கும்: மாடல் எஞ்சினுக்குச் சத்தமில்லாத காற்று

பித்தளையில் கடைந்த குட்டி நீராவி எஞ்சினை ஓட்டிப் பார்க்க ஒவ்வொரு முறையும் பாய்லரைப் பற்றவைத்துக்கொண்டிருக்க முடியாது. காற்றே போதும். ஆனால் கடையில் விற்கிற சின்னக் கம்ப்ரசர் போடும் சத்தத்துக்கு, புதுச்சேரி முத்தியால்பேட்டை மாதிரி சுவரோடு சுவர் ஒட்டின வீடுகளில் ஒரு சாயங்காலம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. நாலைந்து வருஷமாக நான் வைத்திருப்பது பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசர், லாரி பிரேக்குக்கு வரும் ஏர் டேங்க், தண்ணி மோட்டாருக்கு மாட்டுகிற பிரஷர் சுவிட்ச். எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது. ராத்திரி பத்து மணிக்கும் ஓட்டுகிறேன், யாரும் வந்து கதவைத் தட்டியதில்லை.

முதலில் எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடுங்கள். பலர் இதைப் போடாமலேயே பெரிய கம்ப்ரசர் தேடி அலைகிறார்கள். 10 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 15 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) உள்ள ஒற்றைச் செயல் எஞ்சின் (பிஸ்டனின் ஒரு பக்கம் மட்டும் காற்று தள்ளுவது) ஒரு சுற்றுக்கு இழுப்பது 1.2 சி.சி.தான். நிமிஷத்துக்கு 500 சுற்று, சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் என்றால், வெளிக்காற்றுக் கணக்கில் நிமிஷத்துக்கு ஒன்றேகால் லிட்டர்கூட ஆகாது. என் டேங்க் 30 லிட்டர். அது 40 பவுண்டிலிருந்து 20 பவுண்டுக்கு இறங்குவதற்குள் சுமார் 40 லிட்டர் காற்று வெளியே வரும். கணக்குப்படி அரை மணி நேரம் ஓட வேண்டும். சிலிண்டர் ஆடுகிற வகை எஞ்சினில் காற்றுத் துளைகள் உள்ள போர்ட் முகத்தில் கொஞ்சம் கசியும் என்பதால் நடைமுறையில் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷமும் கம்ப்ரசர் சும்மா கிடக்கிறது, எஞ்சினின் 'டுக் டுக்' மட்டும்தான் கேட்கும்.

கம்ப்ரசர் ஓடும்போதும் பெரிய சத்தமில்லை. மோட்டாரும் பிஸ்டனும் மூடிய இரும்புக் கூட்டுக்குள் ஸ்பிரிங்கில் தொங்குகின்றன. சத்தம் வருவது காற்று இழுக்கும் குழாயில்தான். அதன் வாயில் ஒரு சின்ன டப்பாவும் உள்ளே ஸ்பாஞ்சும் வைத்தால் அதுவும் அடங்கிவிடும், தூசியும் உள்ளே போகாது. கம்ப்ரசரிலிருந்து நீட்டியிருக்கும் மூன்று குழாயில் மெல்லியதுதான் காற்று தள்ளுவது. மற்ற இரண்டும் கூட்டுக்குள்ளேயே திறப்பதால், ஒன்றை அடைத்துவிட்டு இன்னொன்றை இழுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆர்-600ஏ என்றிருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன், தீப்பற்றும் வாயு. எந்த வாயுவாக இருந்தாலும் அதை ஃபிரிட்ஜ் மெக்கானிக்கே முறையாக எடுத்துத் தரட்டும். கேஸ் வெல்டிங் பக்கமே போகாமல் டியூப் கட்டரால் வெட்டுவது நல்லது. என்னுடையது பழைய ஆர்-12 வகை, மினரல் ஆயில் ஊற்றினது. ஆர்-134ஏ கம்ப்ரசரில் வரும் எஸ்டர் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்க் கடல்காற்றுக்கு அது சரிப்படாது.

இதில் எல்லோருக்கும் தலைவலி கொடுப்பது ஸ்டார்ட் ஆவதுதான். அழுத்தம் எதிரே நிற்கும்போது இந்த மோட்டார் கிளம்பாது. 'ம்ம்' என்று முனகும், அப்புறம் 'டிக்' என்று ஓவர்லோடு (மோட்டார் சூடேறினால் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) வெட்டிவிடும். டேங்குக்கு முன்னால், காற்றைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வு போட்டாலும், வால்வுக்கும் கம்ப்ரசருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட காற்று போதும், முரண்டு பிடிக்க. அந்த இடத்தில் பழைய ஃபிரிட்ஜின் கேப்பிலரி குழாயில் (மிக மெல்லிய துளையுள்ள செப்புக் குழாய்) ஒரு முழ நீளத்தை வெட்டிப் பற்றவைத்து, மறுமுனையைத் திறந்தே விட்டிருக்கிறேன். ஓடும்போது அதன் வழியே வீணாவது கொஞ்சம்தான். நின்றதும் ஒன்றிரண்டு நிமிஷத்தில் அந்த இடம் காலியாகிவிடும். இதைப் பார்த்த மெக்கானிக், "என்ன சார், நாங்க லீக்கை அடைக்கத்தான் காசு வாங்குறோம், நீங்க காசு குடுத்து லீக் வைக்கிறீங்க" என்றார். மோட்டாரைக் கிளப்பிவிடும் ரிலே சூடாறவும் சில நிமிஷம் வேண்டும். பிரஷர் சுவிட்ச் 20-இல் போட்டு 40-இல் நிறுத்துகிற மாதிரியே கடையில் வருவதால், பெரிய டேங்கோடு சேரும்போது அந்த இடைவெளி தானாகவே கிடைத்துவிடுகிறது.

டேங்கில் சமரசம் வேண்டாம். பி.வி.சி. குழாயில் காற்று அடைத்தால் உடையும்போது சில்லு சில்லாகப் பறக்கும். சமையல் கேஸ் சிலிண்டர் நம் சொத்தே இல்லை. லாரி டேங்க் நூறு பவுண்டுக்கு மேல் தாங்கச் செய்தது, அடியில் தண்ணி வடிக்கிற வால்வும் இருக்கிறது. இருந்தாலும் காயலான் கடைச் சரக்கு. பாகூரில் மச்சான் வீட்டில் பயிருக்கு மருந்தடிக்கிற ராக்கர் ஸ்பிரேயரை வாங்கிவந்து, டேங்க் நிறையத் தண்ணீர் நிரப்பி, காற்றில்லாமல் 120 பவுண்டு ஏற்றி வைத்துப் பார்த்தேன். தண்ணீர் சுருங்காது, அதனால் வெடிக்காது, கசிந்தால் முத்து முத்தாகத் துளிர்க்கும். சேஃப்டி வால்வு 60-இல் திறக்கிற மாதிரி வைத்திருக்கிறேன்.

நாள்பட்ட குறைகள் என்றால், எண்ணெய்தான் முதலில். ஃபிரிட்ஜில் சுற்றித் திரும்பி வரும் எண்ணெய் இங்கே காற்றோடு போய்விடுகிறது. அவ்வப்போது சிரிஞ்சில் ஊற்ற வேண்டும். எஞ்சினுக்கு அந்த எண்ணெய்ப் புகை நல்லதுதான், ஆனால் நீராவியில் ஓட்டும்போது விடுகிற ஸ்டீம் ஆயில் காற்றில் ஓட்டக் கெட்டி. நான் விடுவது தையல் மிஷின் எண்ணெய். ஐப்பசி, கார்த்திகை மழையில் டேங்க் வால்வைத் திறந்தால் பால் மாதிரி தண்ணியும் எண்ணெயும் கலந்து வரும், அந்த மாதங்களில் ஒவ்வொரு முறையும் வடித்தாக வேண்டும். ரிலே ஒரு தடவை மாற்றினேன். குளிர்ந்த வாயு திரும்பி வராததால் கூடு சீக்கிரம் சுடுகிறது. பத்து நிமிஷம் தொடர்ந்து ஓடினால் கை வைக்க முடியாது, அதற்கு மேல் விடுவதில்லை.

இதன் எல்லையும் அங்கேதான் வருகிறது. 25 மி.மீ. போரும் ஸ்ட்ரோக்கும் உள்ள இரட்டைச் செயல் எஞ்சினை அதே 15 பவுண்டில் 300 சுற்று ஓட்டினால் நிமிஷத்துக்குப் பதினைந்து லிட்டர் போகும். என் கம்ப்ரசர் தருவது பத்தை ஒட்டித்தான். அந்த எஞ்சினை மூன்று நிமிஷம் ஓட்டி நிறுத்துவேன். தொடர்ந்து ஓட்ட வேண்டுமென்றால் இன்னொரு கம்ப்ரசரை அதே டேங்கில் சேர்க்கலாம், ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பாதபடி ஒன்றை மட்டும் ஒரு நிமிஷம் தள்ளி ஸ்டார்ட் செய்யுங்கள்.