டிஎம் பிளான்ட் டயாஃப்ரம்: இபிடிஎம்மா, வைட்டானா, டெஃப்லானா?

டயாஃப்ரம் வால்வு ஒழுகினால் பாடியைக் குறை சொல்வதற்கு முன், உள்ளே மடங்கி விரியும் அந்த ரப்பரைப் பாருங்கள். "விலை கூடினதைப் போட்டா எல்லாத்துக்கும் தாங்கும்" என்று வைட்டான் என்ற ஃப்ளோரின் ரப்பரை எடுத்து மாட்டுகிறார்கள். தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் டிஎம் பிளான்ட்டில் அந்த நம்பிக்கை காஸ்டிக் சோடா என்ற காரம் ஓடும் லைனில் உடைந்துபோகும்.

வைட்டான் எண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் சூட்டுக்கும் அசைந்து கொடுக்காது. காரம் அப்படியல்ல. உப்பைப் பிடித்துவைக்கும் ரெசின் மணிகளில் ஒட்டிய சிலிக்காவைக் கழற்ற, காஸ்டிக்கை ஏறக்குறைய 50 டிகிரிக்குச் சூடாக்கி அவற்றின் மேல் விடுவோம். அந்தச் சூட்டில் காரம் வைட்டானின் மூலக்கூறுச் சங்கிலியையே தாக்குகிறது. நாளாக ஆக ரப்பர் இறுகி, மடங்கும் இடத்தில் வெடிப்பு விடும். நீராவி, அமீன், அசிட்டோன் மூன்றும்கூட அதற்கு ஆகாது.

அதைவிட மலிவான இபிடிஎம் ரப்பர் இதே காஸ்டிக்கில் நிம்மதியாக உழைக்கும். நீர்த்த அமிலமும் வெந்நீரும் அதற்குப் பிரச்சினையே இல்லை. எதிரி எண்ணெய்தான். ரெசினைக் கலக்க விடும் காற்று எண்ணெய் போட்ட கம்ப்ரஸரிலிருந்து வந்தால், அந்த எண்ணெய்ப் பிசுக்குக்கே இபிடிஎம் ஊதிப்போகும்; அங்கே நைட்ரைல் ரப்பர்தான் சரி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத் தொட்டியிலும் உஷாராக இருக்க வேண்டும். 30 சதவீத அமிலத்தை இபிடிஎம் சாதாரணச் சூட்டில் தாங்கும். ஆனால் வேறு ரசாயன ஆலையின் உபபொருளாக வரும் அமிலத்தில் குளோரின் சேர்ந்த கரிமக் கழிவு கொஞ்சம் கலந்திருந்தாலும் ரப்பர் உப்பிவிடும். சப்ளையரிடம் அமிலம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

அந்தத் தொட்டி வாயிலுக்கு என் ஓட்டு டெஃப்லானுக்கு. அமிலம், காரம், கரைப்பான் எதுவும் அதைத் தொடாது. ஆனால் அது ரப்பர் இல்லை. அழுத்தினால் மெல்ல நகரும், பழைய நிலைக்குத் தானாக வராது. அதனால்தான் முதுகுக்கு ஓர் இபிடிஎம் தட்டு வைக்கிறார்கள். நடுவில் மேடு இருப்பதால் டயாஃப்ரம் அதிகம் வளைய வேண்டியிராத வெயர் வகை வால்வே அதற்குப் பொருந்தும். மணல் கலந்த நீர் வந்தால் முகம் கீறிவிடும். அங்கே சூடு இல்லையென்றால் இயற்கை ரப்பரே மேல்.

டெஃப்லான் மாட்டியதும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். ஓரிரு முறை சூடாகி ஆறியதும், லைனில் அழுத்தத்தை இறக்கிவிட்டு, வால்வின் மேல்மூடியான போனட்டின் போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் மறுபடி முறுக்குங்கள்.