"எல்லா வெர்ஷனுக்கும் மேக்ரோ" கிளாஸ்ல 8,500 ரூவா விட்ட கதை

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். போன வருஷம் இங்க ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல "எக்ஸெல் மேக்ரோ, 2003ல இருந்து 365 வரைக்கும்"னு (மேக்ரோன்னா எக்ஸெல் வேலைய தானா செய்ய வெக்கிற கோடு, 2003, 365 எல்லாம் எக்ஸெல் வெர்ஷனுங்க) போர்டு பாத்துட்டு 8,500 ரூவா கட்டி சேந்தேனுங்க, ரசீது கேட்டப்ப "கடைசில மொத்தமா தரோம்"னாங்க, அப்பவே எந்திரிச்சு வந்திருக்கணும்.

மொத நாளே டூல்ஸ் மெனுல போயி மேக்ரோவ தட்டுங்கன்னாரு சார். எங்களுக்கு சிஸ்டத்துல இருந்தது 2019, அதுல ஏது டூல்ஸ் மெனு, 2007லயே அதை தூக்கிட்டு ரிப்பன்னு மேல பட்டன் பட்டை வெச்சுட்டாங்களே. "உங்க வெர்ஷன்ல எங்கயாச்சும் இருக்கும், தேடுங்க"ன்னுட்டு போனை நோண்ட ஆரம்பிச்சுட்டாரு. ஆப்ஷன்ஸ்ல கஸ்டமைஸ் ரிப்பன் போயி டெவலப்பர டிக் பண்ணா மேக்ரோ எழுதுற டேப் வரும்னு பக்கத்து சீட்டு பையன் காட்டுனான். நோட்ஸ் வெறும் ஜெராக்ஸ், அட்டைல மட்டும் 2019, உள்ள படமெல்லாம் 2003. அதுல இருந்த ஃபைல்சர்ச்ங்கிற ஃபைல் தேடுற கட்டளை 2007லயே போயிருச்சு, ஓட்டுனா 445 எர்ரர். சாதா எக்ஸெல் ஃபைலா, எக்ஸ்எல்எஸ்எக்ஸா சேவ் பண்ணா மேக்ரோ தங்காது, எக்ஸ்எல்எஸ்எம்மா போடணும்கிறதகூட சொல்லல, ரெண்டு நாள் அடிச்ச கோடு போச்சு.

இதோட போயிருந்தா பரவால்ல. டெய்லர்ங்க தெச்ச கட்டுக்கான சீட்ட, பண்டில் டிக்கெட்ட ஸ்கேன் பண்றத தினமும் ஒரே ஷீட்ல கீழ கீழ ஒட்டுற மாதிரி அவரு குடுத்த கோடை ஆபீஸ்ல போட்டேன். வரி நம்பர் 32,767 தாண்டுன அன்னிக்கு ஓவர்ஃப்ளோன்னு எர்ரர் வந்து நின்னுருச்சு. கேட்டா "ஆன் எர்ரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட் போட்டுருங்க, எர்ரரே வராது"ங்கறாரு சார்! தப்பு வந்தாலும் கண்டுக்காம அடுத்த வரிக்கு போன்னு சொல்ற கட்டளை அது. காய்ச்சல் அடிக்குதுன்னா தெர்மாமீட்டர ஒடைக்கிற வைத்தியம். வரி நம்பர வெக்கிற இன்டிஜர்ங்கிற வகைல அவ்வளவுதான் புடிக்கும், பெரிய நம்பர் புடிக்கிற லாங்னு மாத்தணும்னு நானே தேடி மாத்துனேன்.

ஆனா கடைசி வரிய கண்டுபுடிக்கிற எடத்துல ஏ65536னு, அதாவது ஏ காலம்ல 65,536வது செல்னு, இருந்தத கவனிக்கல. பழைய எக்ஸெல்ல மொத்தமே 65,536 வரிதான், அதனால அங்க நின்னு மேல பாத்தா கடைசி வரி கிடைக்கும், 2007ல இருந்து 10,48,576 வரி ஆயிருச்சு. நம்ம டேட்டா ஒரு செவ்வாக்கெழம 65,536அ தாண்டிருச்சு. அந்த செல்லே நெரம்பிட்டா, மேல பாக்கச் சொல்ற எண்ட் எக்ஸ்எல்அப் கட்டளை என்ன பண்ணும்னா, நடுவுல காலி இல்லாததால நேரா தலைப்பு வரிக்கு ஏறிரும். புதன்கெழம டேட்டா ரெண்டாவது வரில ஒக்காந்துச்சு, வியாழன் அது மேல, வெள்ளி அதுக்கும் மேல. ஒரு எர்ரர் வரணுமே, ஒண்ணுமில்ல.

சனிக்கெழம சாயந்தரம் சம்பளக் கவரோட ஒரு அக்கா வந்து நிக்கிறாங்க, "கண்ணு, அஞ்சு நாளு தெச்சிருக்கேன், மூணு நாளு காசுதான இருக்குது". அவங்களுக்குப் பின்னாடி வரிசையா ஆளு. ஸ்கேனர் ஃபைல் நாள்வாரியா தனியா இருந்ததால பொழச்சேன், ராத்திரி பதினோரு மணி வரைக்கும் எல்லாருக்கும் திருப்பி கணக்குப் போட்டோம். மொதலாளி ஒண்ணும் சொல்லல, அதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

ஏ65536க்கு பதிலா செல்ஸ் போட்டு உள்ள ரோஸ் டாட் கவுண்ட்னு (ஷீட்ல மொத்தம் எத்தன வரின்னு சொல்றது) குடுத்தா எந்த வெர்ஷனா இருந்தாலும் அதோட கடைசி வரிய அதுவே எடுத்துக்கும். ஒரே ஒரு வரிங்க இது. எங்கயாச்சும் சேர்றவங்க டெமோ கிளாஸ்லயே கடைசி வரிய கண்டுபுடிக்க எழுதிக் காட்டச் சொல்லுங்க, 65536னு ஆரம்பிச்சாருன்னா பைய எடுத்துட்டு கெளம்பிருங்க. 2003க்கு மைக்ரோசாஃப்டே 2014 ஏப்ரல்ல கைகழுவிருச்சு.

காச திருப்பிக் கேட்டு போனேன். "லெவல் டூல இதெல்லாம் கவர் பண்ணுவோம், உங்களுக்கு பாதி ஃபீஸ்"ங்கறாங்க. ரசீது இன்னும் வரல.